சாலை விபத்துக்குப் பிந்தைய நடவடிக்கைகள் (தமிழ்நாடு)

சாலை விபத்துக்குப் பிந்தைய நடவடிக்கைகள் என்பவை, மோட்டார் வாகன விபத்தில் படுகாயமுற்ற ஒருவரும் அவருடைய குடும்பத்தாரும் விபத்து நடந்த நேரம் முதல் இழப்பீடு பெற்று மறுவாழ்வு தொடங்கும் வரை மேற்கொள்ள வேண்டிய மருத்துவ, காவல்துறை, நீதிமன்ற நடைமுறைகள் ஆகும். இந்தியாவில் இவற்றின் அடிப்படைச் சட்டம் மோட்டார் வாகனச் சட்டம், 1988 ஆகும். இச்சட்டம் 2019 இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. இழப்பீடு தொடர்பான திருத்தங்கள் 1 ஏப்ரல் 2022 முதல் நடைமுறைக்கு வந்தன. எனவே அதற்கு முன் எழுதப்பட்ட நூல்களிலும் கையேடுகளிலும் உள்ள தொகைகளும் கால வரம்புகளும் இன்று பொருந்தா.

இந்நடைமுறைகளில் காலத்தால் முந்தியவையே மிக முக்கியமானவை. தீர்ப்பாயத்தில் வழக்கு விசாரணைக்கு வர ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஆனால் அங்கு ஆராயப்படும் தாள்களில் பெரும்பாலானவை விபத்து நடந்த முதல் சில நாட்களிலேயே, காயமுற்றவர் நினைவின்றிக் கிடக்கும்போதே, பிறரால் எழுதப்பட்டு முடிந்துவிடுகின்றன.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. குறிப்பிட்ட வழக்குகளுக்கு வழக்கறிஞரையோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுக வேண்டும்.)

விபத்து நடந்த இடத்தில்

முதற்பணி உயிர் காத்தல் ஆகும். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி சேவை செப்டம்பர் 2008 முதல் இயங்கி வருகின்றது. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணையும், காவல்துறை உள்ளிட்ட அனைத்து அவசர உதவிகளுக்கும் 112 என்ற எண்ணையும் அழைக்கலாம். அழைப்பவர் ஊரின் பெயரோடு கிலோமீட்டர் கல், சுங்கச்சாவடி, பெட்ரோல் நிலையம் போன்ற அடையாளம் ஒன்றையும், காயமுற்றோர் எண்ணிக்கையையும் சொல்லுதல் நன்று.

2019 திருத்தத்தின்படி, கடுங்காயம் ஏற்பட்டபின் வரும் ஒரு மணி நேரம் "பொன்னான நேரம்" எனச் சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. இந்நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பது அவ்வரையறையின் கருத்தாகும்.

ஊர்தி வரும்வரை செய்யக் கூடியவை சிலவே. இரத்தம் பெருகும் இடத்தில் தூய துணியை வைத்து, இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், தொடர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கை கால்களில் இவ்வாறு அழுத்தியும் நிற்காத இரத்தப்பெருக்குக்கு மட்டும் காயத்திற்கு மேலே இறுகக் கட்டிக் கட்டிய நேரத்தைக் குறித்து வைக்கலாம். உடலில் குத்திய கம்பி, கண்ணாடி முதலியவற்றைப் பிடுங்கலாகாது. துண்டான விரலையோ கையையோ தூய ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டி உள்ள மற்றொரு பையில் வைத்து அனுப்ப வேண்டும். நேரடியாகப் பனிக்கட்டியில் இட்டால் திசு கெட்டு, மீண்டும் பொருத்த இயலாமற் போகும்.

நம் ஊர்களில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இரண்டு செயல்கள் தீங்கு விளைவிப்பவை. ஒன்று, மயங்கியவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவது. அது நுரையீரலுக்குள் சென்று மூச்சை அடைக்கக் கூடும். அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்து கொடுப்பதையும் சிக்கலாக்கும். மற்றொன்று, கையையும் காலையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி அமர வைப்பது. கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், எலும்பு முறிவோடு நின்றிருக்க வேண்டிய காயம் இவ்வசைவினால் தண்டுவடத்தை அறுத்து வாழ்நாள் முழுவதற்குமான முடக்கமாக மாறக் கூடும். தீ, அடுத்த வாகனம் மோதும் அபாயம், மூச்சடைப்பு ஆகியவை இருந்தாலன்றி நகர்த்தாமல் இருப்பதே நலம். நகர்த்தியே ஆக வேண்டுமெனில் தலை, கழுத்து, இடுப்பு ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு பலர் சேர்ந்து பலகை ஒன்றில் ஏற்ற வேண்டும். தலைக்கவசத்தையும் மூச்சுத் தடைபட்டால் மட்டுமே, ஒருவர் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க மற்றவர் கழற்ற வேண்டும்.

வாகனத்தை ஓட்டியவரின் கடமைகள் சட்டத்தின் 134-ஆம் பிரிவில் கூறப்பட்டுள்ளன. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல், காவல்துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் தகவல் தருதல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

உதவுவோருக்கான பாதுகாப்பு

"தூக்கிப் போனால் போலீசு, கோர்ட்டு என்று அலைய வேண்டும்" என்ற அச்சம் காரணமாகப் பலர் விலகிச் செல்வதுண்டு. இவ்வச்சத்திற்கு இன்று சட்ட அடிப்படை இல்லை. உதவுவோருக்கான வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016 இல் கட்டாயமாக்கியது. பின்னர் 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர இயலாது என்று விதிக்கப்பட்டது. பெயர், முகவரி ஆகியவற்றைத் தர அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. சாட்சியாக இருக்க முன்வருவதும் அவருடைய விருப்பமே. உதவியவருக்கு ரூ. 5,000 பரிசளிக்கும் நடுவண் அரசுத் திட்டம் 2021 இல் தொடங்கி, 2025 இல் அத்தொகை ரூ. 25,000 ஆக உயர்த்தப்பட்டது.

மருத்துவமனையில்

விபத்தில் சிக்கியவருக்கு உடனே சிகிச்சையளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்களின் கடமையும் ஆகும். பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989 இல் இதனை உறுதி செய்தது. கார் மோதிய இருசக்கர வாகன ஓட்டி ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்காமல், விபத்து வழக்குகளைப் பார்க்க அனுமதி பெற்ற, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார் என்ற நாளிதழ்ச் செய்தியே அவ்வழக்கின் தொடக்கம் ஆகும். "போலீஸ் கேஸ், முதலில் எப்.ஐ.ஆர். கொண்டு வாருங்கள்" என்று கூறிச் சிகிச்சையைத் தள்ளிப் போடுவது அன்று முதலே சட்டத்திற்குப் புறம்பானது.

செலவைப் பொறுத்தவரை இரண்டு திட்டங்கள் குறிப்பிடத்தக்கவை. தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் டிசம்பர் 2021 இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவராயினும், எந்த நாட்டவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலிடப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெற இது வழி செய்தது. தொடக்கத்தில் ஒருவருக்கான வரம்பு ரூ. 1 இலட்சம். நடுவண் அரசு மே 2025 இல் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தின்கீழ், விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ரூ. 1.5 இலட்சம் வரையிலான சிகிச்சை அளிக்கப்படும்.

தலையில் அடிபட்டவரைப் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவை. மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே இரத்தம் கசியும் வகைக் காயத்தில், ஒருவர் சில மணி நேரம் தெளிவாகப் பேசி, நடந்து, வீட்டிற்கும் திரும்பிப் பின்னர் மயங்கி விழக் கூடும். தொடர் வாந்தி, மிகு தூக்கம், கூடி வரும் தலைவலி, ஒரு பக்கத்துக் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் மீண்டும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். "நன்றாகத்தானே பேசிக் கொண்டிருந்தார்" என்பது இவ்வகை இறப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் சொல்.

விபத்துப் பதிவேடு

விபத்தில் காயமுற்று வருவோரைப் பற்றி அவசரப் பிரிவு மருத்துவர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். இது விபத்துப் பதிவேடு எனப்படும். பேச்சு வழக்கில் இதன் படி "ஏ.ஆர். காப்பி" எனப்படுகின்றது. எப்போது, எங்கே, எந்த வாகனம் மோதி, எவ்வாறு காயம் ஏற்பட்டது என்று உடன் வந்தவர் சொன்னது இதில் பதிவாகும். முதல் தகவல் அறிக்கைக்கும் முந்திய எழுத்துச் சான்று என்பதால் தீர்ப்பாயங்கள் இதற்கு மிகுந்த மதிப்பளிக்கின்றன.

ஆகவே உடன் செல்பவர் தாம் அறிந்ததை அறிந்தவாறே சொல்ல வேண்டும். பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று மட்டும் சொன்னால், பதிவேட்டில் வாகனம் மோதியதற்கான குறிப்பே இராது. "தானாக விழுந்தவர், பின்னர் வாகனம் ஒன்றைச் சேர்த்துப் பொய் வழக்குத் தொடுத்துள்ளார்" என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதிட இந்த ஒற்றை வரி போதும். மோதிய வாகனத்தின் எண் தெரிந்தால் அதையும், தெரியாவிடில் அடையாளம் தெரியாத வாகனம் என்பதையும் சொல்லலாம். ஊகித்து ஓர் எண்ணைச் சொல்வது எண் சொல்லாமல் இருப்பதை விடக் கெடுதலானது.

காவல் நிலையத்தில்

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும். ஜூலை 2024 க்குப் பின் நடந்த விபத்துகளுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதன்படி மனிதவுயிருக்கு ஊறு நேருமாறு வாகனம் ஓட்டுதல் 281-ஆம் பிரிவிலும், அதனால் காயம் விளைவித்தல் 125-ஆம் பிரிவிலும், இறப்பு விளைவித்தல் 106-ஆம் பிரிவிலும் வருகின்றன. எலும்பு முறிவு, பல் உடைதல், ஒரு கண்ணின் பார்வையையோ ஒரு காதின் கேள்வியையோ நிலையாக இழத்தல், ஓர் உறுப்பையோ மூட்டையோ இழத்தல், முகம் நிலையாகச் சிதைதல், 15 நாட்கள் அன்றாட வேலையைச் செய்ய இயலாமை முதலியவை "கொடுங்காயம்" என்ற வகையில் அடங்கும். பழைய சட்டத்தில் இது 20 நாட்களாக இருந்தது.

எல்லை காரணமாக ஒரு காவல் நிலையம் புகாரை மறுக்க இயலாது. எந்த நிலையத்திலும் கொடுக்கப்படும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். அறிக்கையின் படி புகாரளித்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ கட்டணமின்றித் தரப்பட வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், அதன் பின்னரும் பயனில்லையெனில் நீதித்துறை நடுவருக்கும் மனு அளிக்கலாம். இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் சில வேளைகளில் முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்புச் சான்று மட்டும் தரப்படும். அது புகார் பெறப்பட்டதற்கான இரசீதே. வழக்குப் பதியப்பட்டதாகப் பொருளன்று.

குடும்பத்தார் மருத்துவமனையில் இருந்ததால் புகார் சில நாட்கள் தாமதமாவது இயல்பு. அதனை மட்டும் காரணமாக்கி இழப்பீட்டு மனுவைத் தள்ள இயலாது என உச்ச நீதிமன்றம் 2011 இல் கூறியுள்ளது. ஆயினும் தாமதத்திற்கான காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது.

2022 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் புலனாய்வு அலுவலர் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் அடங்கிய படிவத்தை அவருக்குத் தருவதும் அவ்வலுவலரின் கடமையாகும். இப்படிவத்தைக் கேட்டுப் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஆவணங்கள்

முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்றிதழ், குற்றப் பத்திரிகை ஆகியவை காவல்துறை வழியே வருபவை. எதிர் வாகனத்தின் பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, ஓட்டியவரின் உரிமம் ஆகியவற்றின் படிகளும் தேவைப்படும். இவை எப்படியும் கிடைத்துவிடும்.

கிடைக்காமல் போவன குடும்பத்தார் வைத்திருக்க வேண்டியவையே. சிகிச்சைச் சுருக்கம் (டிஸ்சார்ஜ் சம்மரி), எக்ஸ்-ரே மற்றும் ஸ்கேன் படங்கள், மருந்துக்கடை மூலப் பட்டியல்கள் ஆகியவற்றை நாள்வாரியாக அடுக்கி வைக்க வேண்டும். மருந்துக்கடைப் பட்டியல்கள் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சிடப்படுபவை என்பதால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். அன்றே படியெடுத்து மூலத்தோடு இணைத்தல் வேண்டும். மருத்துவமனைக்குச் சென்ற வாடகை வண்டி, உதவியாளர் கூலி, சிறப்பு உணவு ஆகியவற்றிற்கும் இழப்பீடு உண்டு. பட்டியலில்லாச் செலவுகளை ஒரு குறிப்பேட்டில் அன்றன்று எழுதி வரலாம்.

இவற்றினும் அரியது வருமானச் சான்று. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டும் வருமான வரிப் படிவமும் போதும். தச்சர், கொத்தனார், தையற்காரர், காய்கறி வணிகர் போன்றோர் வங்கிக் கணக்கு வரவுகள், தொழிலாளர் நல வாரிய அட்டை, கடை உரிமம், கொள்முதல் இரசீதுகள், வேலை கொடுத்தவரின் சாட்சியம் ஆகியவற்றால் வருமானத்தை நிறுவ வேண்டும். எதுவும் இல்லையெனில் தீர்ப்பாயமே ஒரு உத்தேச வருமானத்தை நிர்ணயிக்கும். அத்தொகை உண்மை வருமானத்திலும் குறைவாக அமைவதுண்டு.

இழப்பீட்டுக் கோரிக்கை

மோட்டார் விபத்துகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1956 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழி வந்தவை. அதற்கு முன் இழப்பீடு கேட்போர் உரிமையியல் நீதிமன்றத்தில் முழு நீதிமன்றக் கட்டணம் செலுத்தி வழக்காட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்கள் பல இத்தீர்ப்பாயங்களாகச் செயற்படுகின்றன. சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம் இவ்வழக்குகளை விசாரிக்கின்றது. வழக்குகள் எம்.சி.ஓ.பி. என்ற எழுத்துகளுடன் எண்ணிடப்படும். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றுள் மனுதாரர் விரும்பிய இடத்தில் மனு செய்யலாம். கிருஷ்ணகிரி அருகே விபத்துக்குள்ளான திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே வழக்குத் தொடுக்க இயலும்.

கோரிக்கையில் இரு வழிகள் உள்ளன. 164-ஆம் பிரிவின்கீழ், எவர் தவறு என்று நிறுவாமலே, இறப்புக்கு ரூ. 5 இலட்சமும் கொடுங்காயத்திற்கு ரூ. 2.5 இலட்சமும் கிடைக்கும். 166-ஆம் பிரிவின்கீழ் ஓட்டுநரின் கவனக்குறைவை நிறுவினால் உண்மையான இழப்பு முழுவதையும் கோரலாம். அதற்கு உச்ச வரம்பு இல்லை. 164-ஆம் பிரிவுத் தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து உரிய நடைமுறைப்படி ஏற்றுக் கொண்டால் 166-ஆம் பிரிவு மனு முடிந்துவிடும். கடன் வாங்கிச் சிகிச்சை செய்யும் குடும்பத்திற்கு ரூ. 2.5 இலட்சம் உடனே கிடைப்பது பெரிதாகத் தோன்றும். முதுகுத்தண்டு முறிந்த 25 வயதினருக்கு அது எவ்வளவு சிறிய தொகை என்பது கீழே வரும் கணக்கிலிருந்து விளங்கும்.

தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கின் அளவுக்கு ஐயமற்ற நிரூபணம் தேவையில்லை. ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலை பெற்றிருந்தாலும் இழப்பீடு வழங்கலாம் என்பது 1980 இல் என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில் உறுதியானது. பேருந்து ஒன்று தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் உரசிய விபத்து அது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர்.

கால வரம்பு

1988 ஆம் ஆண்டுச் சட்டம் மனு செய்ய 6 மாத வரம்பு விதித்திருந்தது. 1994 ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை நீக்கியது. ஏறத்தாழ 27 ஆண்டுகள் வரம்பே இல்லாதிருந்த நிலையில், 2019 திருத்தம் 6 மாத வரம்பை மீண்டும் கொண்டு வந்தது. 1 ஏப்ரல் 2022 முதல் இது நடைமுறையில் உள்ளது. இதனை எதிர்த்த வழக்குகளில், வரம்பு கடந்ததைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என உச்ச நீதிமன்றம் 2025 இல் இடைக்கால ஆணை பிறப்பித்தது. இடைக்கால ஆணை இறுதித் தீர்ப்பாகாது என்பதால் 6 மாதத்திற்குள் மனு செய்துவிடுவதே பாதுகாப்பானது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் முதல் ஆறு மாதமும் படுக்கையிலேயே கழிக்க நேரும் என்பதை நோக்க, இவ்வரம்பு கடுமையானதே. மனுவைத் தாக்கல் செய்யச் சிகிச்சை முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பின்னர் வரும் ஆவணங்களை விசாரணையின்போது சேர்க்கலாம்.

இழப்பீட்டுக் கணக்கீடு

காயமுற்றோருக்கான இழப்பீட்டின் தலைப்புகளை உச்ச நீதிமன்றம் 2010 இல் ராஜ்குமார் வழக்கில் வகைப்படுத்தியது. சிகிச்சைச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், நிரந்தர ஊனத்தால் வருங்காலத்தில் இழக்கும் வருமானம், வருங்கால மருத்துவச் செலவு ஆகியவை பண இழப்புகள். வலி, வேதனை, வாழ்வின் இன்பங்களை இழத்தல், ஆயுட்காலம் குறைதல் ஆகியவை பணமல்லா இழப்புகள்.

அத்தீர்ப்பின் முதன்மைக் கருத்து, உடல் ஊனத்தின் விழுக்காடும் வருமானம் ஈட்டும் திறன் இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்பதாகும். இடக்கையை இழந்தவருக்கு மருத்துவர் ஏறத்தாழ 60 விழுக்காடு ஊனம் எனச் சான்றளிக்கலாம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் தொழில் இழப்பு கிட்டத்தட்ட 100 விழுக்காடு. அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை தொடரும் என்பதால் அவ்விழப்பு மிகக் குறைவு. அவருக்குப் பணமல்லா இழப்புத் தலைப்பில் கூடுதல் தொகை அளிக்கப்படும். சிகிச்சையளிக்காத மருத்துவர்கள் தரும் ஆயத்த ஊனச் சான்றிதழ்களைத் தீர்ப்பாயங்கள் எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

வருங்கால வருமான இழப்பு ஒரு பெருக்கல் வாய்பாட்டால் கணக்கிடப்படுகின்றது. ஆண்டு வருமானத்தோடு வருங்கால உயர்வைச் சேர்த்து, வயதுக்குரிய பெருக்கெண்ணாலும் திறன் இழப்பு விழுக்காட்டாலும் பெருக்க வேண்டும். பெருக்கெண் அட்டவணை 2009 இல் சரளா வர்மா வழக்கில் வரையறுக்கப்பட்டது. 15 முதல் 25 வயது வரை பெருக்கெண் 18. 26–30 வயதுக்கு 17. 31–35 க்கு 16. 36–40 க்கு 15. 41–45 க்கு 14. 46–50 க்கு 13. 51–55 க்கு 11. 56–60 க்கு 9. 61–65 க்கு 7. அதற்கு மேல் 5. 32 வயதினர் இன்னும் 28 ஆண்டுகள் உழைக்கக் கூடியவராயிருக்க, 16 ஆல் மட்டும் ஏன் பெருக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக வர வேண்டிய பணம் ஒரே தொகையாக இன்று கிடைப்பதால், அது ஈட்டும் வட்டி கழிக்கப்படுகின்றது.

வருங்கால வருமான உயர்வு 2017 இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வால் நிலைப்படுத்தப்பட்டது. நிலையான பணியில் இருப்போருக்கு 40 வயதுக்குக் கீழ் 50 விழுக்காடும், 40–50 வயதில் 30 விழுக்காடும், 50–60 வயதில் 15 விழுக்காடும் சேர்க்கப்படும். சுயதொழில் செய்வோருக்கும் உயர்வில்லாச் சம்பளம் பெறுவோருக்கும் இவை முறையே 40, 25, 10 விழுக்காடாகும். அது இறப்பு வழக்கு ஆயினும், காயமுற்றோருக்கும் இவ்வுயர்வு உண்டு எனப் பின்வந்த தீர்ப்புகள் கூறியுள்ளன.

எடுத்துக்காட்டாக, மாதம் ரூ. 15,000 ஈட்டும் 32 வயதுத் தச்சர் ஒருவரின் வலது மணிக்கட்டு நொறுங்கியதாகக் கொள்வோம். 40 விழுக்காடு உயர்வு சேர்த்தால் மாதம் ரூ. 21,000, ஆண்டுக்கு ரூ. 2,52,000. 16 ஆல் பெருக்க ரூ. 40,32,000. மருத்துவ வாரியம் முழு உடல் ஊனத்தை 20 விழுக்காடு என மதிப்பிட்டு, அதையே தீர்ப்பாயமும் ஏற்றால் கிடைப்பது ரூ. 8,06,400. உளி பிடிக்க இயலாத தச்சரின் தொழில் இழப்பு 60 விழுக்காடு என்று சாட்சியத்தால் நிறுவினால் ரூ. 24,19,200. அதே 60 விழுக்காட்டில், வருமானச் சான்றின்றி உத்தேச வருமானம் ரூ. 10,000 எனக் கொள்ளப்பட்டால் ரூ. 16,12,800. மணிக்கட்டு ஒன்றே. தொகை மட்டும் மூன்றாக வேறுபடுகின்றது.

பிறர் உதவியின்றி வாழ இயலாதோருக்கு உதவியாளர் செலவும் இதே பெருக்கெண் முறையில் வழங்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது. மூளைக் காயமுற்ற 12 வயதுச் சிறுமி ஒருவரின் வழக்கில் மொத்த இழப்பீடு ரூ. 62.27 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

தொகை குறையும் சூழல்கள்

காயமுற்றவரின் தவறும் விபத்திற்குக் காரணமாயின் அவர் பங்கிற்கேற்பத் தொகை குறையும். தலைக்கவசம் அணியாமல் தலையில் அடிபட்டால் சில விழுக்காடு கழிக்கப்படுவதுண்டு. ஆனால் விதிமீறல் ஒவ்வொன்றும் கழிவுக்குக் காரணமாகாது. ஓட்டுநர் உரிமம் இல்லாமையோ, இருசக்கர வாகனத்தில் மூவர் சென்றமையோ விபத்திற்கு எவ்வாறு காரணமாயிற்று என்று எதிர்த்தரப்பு காட்ட வேண்டும்.

யார் கொடுப்பது

மூன்றாம் தரப்புக் காப்பீடு எல்லா வாகனங்களுக்கும் கட்டாயம். தீர்ப்புத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு. அவை தம் நிதியிலிருந்தே செலுத்த வேண்டும். தொகை செலுத்தப்படாதபோது நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்திலேயே அரசுப் பேருந்தை ஜப்தி செய்யும் செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருவதன் காரணம் இதுவே.

மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனம் அடையாளம் காணப்படாவிட்டால், 161-ஆம் பிரிவின்கீழ் இறப்புக்கு ரூ. 2 இலட்சமும் கொடுங்காயத்திற்கு ரூ. 50,000 மும் அரசுத் திட்டத்திலிருந்து பெறலாம். மார்ச் 2022 வரை இவை ரூ. 25,000, ரூ. 12,500 ஆக இருந்தன. எவரும் மோதாமல் தானே சறுக்கி விழுந்த வாகன உரிமையாளர், தம் காப்பீட்டிலுள்ள ரூ. 15 இலட்சத் தனிநபர் விபத்துப் பாதுகாப்பைப் பயன்படுத்தலாம். சாதாரண எலும்பு முறிவுக்கு அது பயன்படாது. உயிரிழப்பு, உறுப்பிழப்பு, பார்வை இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றிற்கே உரியது. இருசக்கர வாகனத்திற்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், பின்னால் அமர்ந்து வந்தவருக்கு அவ்வாகனத்தின் காப்பீடு பொருந்தாது.

வழக்கறிஞரும் சமரசமும்

விபத்துப் பிரிவின் வாசலிலேயே அணுகி, வழக்கை எடுத்துக் கொள்வதாகக் கூறும் இடைத்தரகர்கள் உண்டு. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் வழக்குத் தேடி ஆள் பிடிப்பதைத் தடை செய்கின்றன. கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசுவதும் அவ்விதிகளுக்கு முரணானது. வெற்றுத்தாளிலோ, நிரப்பப்படாத வக்காலத்திலோ, வங்கிப் படிவத்திலோ கையொப்பமிடலாகாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வரம்புக்குட்பட்ட வருமானமுடையோர் ஆகியோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியே இலவச வழக்கறிஞரைப் பெறலாம். இதற்கான தொலைபேசி எண் 15100.

வழக்கு நிலுவையில் உள்ளபோது மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்து கொள்ளலாம். அங்கு முடிவான தொகைக்கு மேல்முறையீடு இல்லை. எனவே பணம் விரைவில் வரும். பின்னர் கூடுதலாகக் கேட்கவும் வழியிராது. இனி அறுவை சிகிச்சை தேவையா என்பது மருத்துவருக்கே தெளிவாகாத நிலையில் சமரசத்திற்கு விரைதல் நன்றன்று. தீர்ப்பாயத்தின் ஆணையை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

சிறுவர்களுக்கும், பணத்தைக் காத்துக் கொள்ள இயலாதோருக்கும் வழங்கப்படும் தொகையின் பெரும்பகுதியை வங்கியில் நிலை வைப்பாக இடும் முறை 1994 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலிருந்து பரவலானது. வட்டியை மாதந்தோறும் பெறலாம். மருத்துவம், கல்வி போன்ற தேவைகளுக்கு மனு செய்து முதலையும் எடுக்கலாம்.

மறுவாழ்வு

எலும்பு கூடியதோடு சிகிச்சை முடிவதில்லை. இயன்முறைப் பயிற்சி தாமதமானால் மூட்டுகள் இறுகிவிடும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் முதன்மை ஆபத்துகள். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தல், தோலை நாள்தோறும் பார்வையிடுதல், சிறுநீர்க் குழாய்த் தூய்மை ஆகியவற்றை வீட்டார் மருத்துவமனையில் இருக்கும்போதே செவிலியரிடம் கற்றுக் கொள்ள வேண்டும். விபத்தை மீண்டும் மீண்டும் நினைத்தல், உறக்கமின்மை, வாகன ஒலிக்கே நடுங்குதல் ஆகியவையும் சிகிச்சைக்குரியவை.

இந்தியாவில் இத்துறையின் தொடக்கமே ஒரு சாலை விபத்தோடு தொடர்புடையது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவரான மேரி வர்கீஸ் 1954 இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்பிற்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளுக்குக் கையறுவை சிகிச்சைகள் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் 1966 இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தை வழிநடத்தினார். 1972 இல் பத்மசிறீ விருது பெற்ற அவர் 1986 இல் மறைந்தார். தென்காசி அருகே ஆய்குடியில் 1981 இல் அமர் சேவா சங்கத்தை நிறுவிய எசு. இராமகிருஷ்ணனும், 1975 இல் கடற்படைத் தேர்வின்போது ஏற்பட்ட தண்டுவடக் காயத்தால் கழுத்திற்குக் கீழ் செயலிழந்தவர். சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. செயற்கை உறுப்புகளும் அங்குச் செய்து தரப்படுகின்றன.

நிரந்தர ஊனம் ஏற்பட்டோர் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையவழி விண்ணப்பிக்கலாம். அரசு நிறுவனங்களில் பணியாற்றுவோர் கவனிக்க வேண்டியது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன் 20-ஆம் பிரிவாகும். பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரைப் பணிநீக்கவோ பதவியிறக்கவோ இயலாது. பழைய பணியைச் செய்ய இயலாவிடில், அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அப்பணி இல்லையெனில் உகந்த பணியிடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். விபத்துக்குப் பின் "விருப்ப ஓய்வு" கடிதம் ஒன்றில் கையொப்பமிடுமாறு கேட்கப்படுவோர், கையொப்பமிடும் முன் இப்பிரிவைக் காட்டலாம்.

பணியின்போது நேர்ந்த விபத்தாயின் பணியாளர் இழப்பீடு தொடர்பான சட்டத்தின் கீழும் கோரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவின்படி இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க இயலும். தொடருந்து விபத்துகளுக்கு இத்தீர்ப்பாயங்கள் பொருந்தா. அவை இரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தின் வரம்பில் வருகின்றன.